பிறந்த வரிசையில்

செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
இரங்கல் குறிப்பில் ஒரு சந்தேகமாம்.
ஐந்து பெயர் இருக்கிறதே,
இதில் அவருடைய பிள்ளைகள் யார்,
மனைவியோடு வந்தவர்கள் யார்?
தனித்தனி வரியில் போடுவதுதான் எங்கள் வழக்கம்.

குறிப்பை எழுதியது நானில்லை.
இரண்டு வருஷம் முன்பே அவரே எழுதி
பழைய மீன்பிடி உரிமத்தோடு
பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்.
வயதுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.
தொண்ணூற்று நான்கு என்று நிரப்பினேன்.

கார்லண்ட், வெர்னா, ப்யூலா, சிரில், ரோலண்ட்.
இரண்டாவது நான்.
சிரிலும் நானும் அவர் ரத்தம்.
மற்ற மூவரும் ஹெட்லியின் பிள்ளைகள்,
சீல் வேட்டைக்கென்று உறைந்த கடல்மேல் நடந்துபோய்
ஒரு மார்ச் மாதப் புயலில்
திரும்பி வராத ஹெட்லி.

என் அம்மா காசநோய் விடுதியில் இறந்தபோது
சிரிலுக்கு இன்னும் பேச்சு தெளியவில்லை.
மூன்று வருஷம் அப்பா சமைத்தது
உருளைக்கிழங்கும் உப்புமீனும்,
மறுநாள்
உப்புமீனும் உருளைக்கிழங்கும்.
பிறகு ஒரு நவம்பரில்
மிர்ட்டில் எங்கள் துறையில் வந்து இறங்கினாள்.
மூன்று பிள்ளைகள், ஒரு தையல் மெஷின்,
ஒரு ஜோடி ஆண்பிள்ளை பூட்ஸ்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
நான் அவரை வேவு பார்த்தேன்.
ஒன்பது வயதின் வன்மம் சின்னதில்லை.
ரொட்டித் துண்டுகளில் உலர்திராட்சை எண்ணினேன்,
யார் தலையில் அவர் கை எத்தனை நொடி,
யார் போர்வை கனம் கூடுதல் என்று.
ஓரவஞ்சனையை ஒருநாள்
கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.
எந்தப் பக்கத்து ஓரம் என்பதுகூட
எனக்கு முக்கியமாக இல்லை.

பிடிபட்டது இவ்வளவுதான்:
அக்டோபர் தோறும் கொட்டகையில்
மீன் எண்ணெயைச் சூடு பண்ணி
ஹெட்லியின் பூட்ஸுக்குத் தேய்ப்பார்.
தையல் தையலாக, விரல்நுனியால்.
அவர் காலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்,
அடிப்பாகத்தோடு அடிப்பாகம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.
அவருடையதிலோ தண்ணீர் ஏறும்.
ஒருநாள்கூடப் போட்டதில்லை.
ஐந்து அக்டோபர்.

பதினாலு வயதில் கார்லண்ட்
விறகுக் குவியல் மேல் நின்று கத்தினான்,
நீ என் அப்பா இல்லை.
அப்பா வானத்தைப் பார்த்தார்.
தெரியும். விறகு நனையுது,
அந்த முனையப் பிடி.
பிடித்தான்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அடுத்த வருஷம் அவன் கால் வளர்ந்து முடிந்த வாரம்
வாசலில் பூட்ஸ் இருந்தது.
புது லேஸ்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

குறையே இல்லாதவர் என்று எழுத எனக்கு வராது.
என் திருமணத்தன்று படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு
பாதிப் பூசையில் வந்தார், கையெல்லாம் கிரீஸ்.
சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், அதுவும் மோசமாக.
என் அம்மா பெயரை முப்பது வருஷம் அவர் சொல்லவில்லை.
அவள் படத்தைச் சுவரில் மாட்டியதும்
சனிக்கிழமைதோறும் துடைத்ததும் மிர்ட்டில்.

காட் மீன் பிடிக்கக் கூடாதென்று
அரசாங்கம் கடலை மூடியபோது அவருக்கு அறுபத்தொன்று.
ஒரு வாரம் துறையில் உட்கார்ந்திருந்தார்.
எட்டாம் நாள் மிர்ட்டிலிடம்
மாவு பிசையக் கற்றுத் தா என்றார்.
அவள் போன பிறகும்
ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரொட்டி,
ஐந்து வீட்டுக்கு.
நான் மறுபடி எண்ணத் தொடங்கினேன்,
பழக்கதோஷம்.

கடைசிக் குளிர்காலத்தில் பெயர்கள் இடம் மாறின.
நான் ப்யூலா ஆனேன், ப்யூலா சிரில் ஆனாள்.
எழுபத்தொரு வயது கார்லண்ட் கட்டிலருகே குனிந்தபோது
ஹெட்லி, என்றார்.
உன் பூட்ஸ் விரிசல் விடல. பாத்துக்கிட்டேன்.
கார்லண்ட் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.
தெரியும், என்றான்.

தொலைபேசியில் அந்தப் பெண் இன்னும் இருந்தாள்.
வரிக் கணக்கில்தான் கட்டணம், என்றாள்,
இரண்டாகப் பிரித்தால் கொஞ்சம் கூடும்.
எவ்வளவு கூடும் என்று கேட்டேன்.
சொன்னாள்.
அவ்வளவெல்லாம் அவர் தரமாட்டார், என்றேன்.
ஒரே வரியில் போடுங்கள்.